கவட்டைமலை கிளம்பிப் போன பிறகு

கவட்டைமலை பாண்டக்குழியை விட்டுக் கிளம்பிய நாள் எதுவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, கிளம்பிவிட்டது என்று தெரிந்த நாள்தான் தெரியும்: மார்கழி முடியப்போகிற ஒரு வெள்ளிக்கிழமை, செங்கல் சூளைகளும் சுண்ணாம்புச் சூளைகளும் பொங்கலுக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டுமென்று அடித்துப்பிடித்து எரிந்துகொண்டிருக்க, பேருந்துகளும் லாரிகளும் தம் பங்குக்கு ஊதிக்கொண்டிருக்க, மலைகளுக்கு நடுவே பானைக்குள் ஒட்டிய பருக்கையாகக் கிடந்த அந்த ஊரின் மேல் வழக்கம்போலக் குளிர் வந்து மூடி போட்டு உட்கார்ந்திருந்த காலையில், எங்கிருந்தோ தப்பித்தவறி உள்ளே நுழைந்த ஒரு காற்று, பால் பொங்கி அடங்குகிற நேரத்துக்கு மட்டும், புகையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தது. வடக்கே மலை இருந்தது. தெற்கே மலை இருந்தது. மேற்கே, இரண்டு கொம்போடு ஊருக்கே காவலாக நிற்க வேண்டிய கவட்டைமலையின் இடத்தில், கழுவிக் கவிழ்த்த சட்டி போல வெறும் வானம் இருந்தது.

அந்த நேரத்தில் நாகஜோதி மொட்டைமாடியில் நின்றிருந்தாள். கல்லூரியில் முதுகலைப் பூகோளம் படிக்கிறவள், வாத்தியார் ஒன்று சொன்னால் அதை மறுக்க மூன்று காரணம் வைத்திருக்கிறவள் என்று ஊரில் பேர். ஆனால் அன்று அவள் நின்றது அண்ணன் சிவனாண்டியின் பிள்ளைக்கு அத்தையாக. பாண்டக்குழியின் வழக்கம் அப்படி. பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் இரண்டு கையிலும் ஏந்தி மேற்கே தூக்கிப் பிடிக்க வேண்டும், பிள்ளையின் பார்வை கவட்டைமலை மேல் பட வேண்டும், பட்ட கையோடு அத்தைக்காரி காதில் பேரைச் சொல்ல வேண்டும். மலைமுகம் பார்க்காத பிள்ளைக்குப் பேர் கிடையாது. அதுகூடப் போகட்டும், மலைமுகம் பார்க்காத பிள்ளை கிழக்கே இருக்கிற பானைவாய்க் கணவாயைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் திரும்பி வரும்போது மலைக்கு அடையாளம் தெரியாது, அடையாளம் தெரியாத பிள்ளையை மலை திருப்பி வாங்கிக்கொள்ளாது.

தாய்மாமன் மொக்கராசு, கணவாய் தாண்டிக் கீழ்நாட்டுக்குப் போகிற பேருந்தின் ஓட்டுநர், அப்போதுதான் பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருந்தான். புகைக்குள்ளே மங்கலாக இரண்டு மேடு தெரிந்த திசையைப் பார்த்து, "அந்தா பாரு மருமகளே, அந்தா நிக்குறார் பாரு நம்ம அய்யா" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, காற்று வந்து திரையை விலக்கிவிட்டது. அய்யா என்று அவன் காட்டியது குப்பைக்கரடு. சூளைச் சாம்பலையும் ஊர்க்குப்பையையும் லாரிகள் இரண்டு பக்கமிருந்தும் கொட்டிக் கொட்டி, இரண்டு மேடாக வளர்ந்து, நடுவில் கவட்டை விழுந்து, உச்சியில் ஒரு பழைய மெத்தையைச் சாத்திக்கொண்டு அது நின்றது.

பக்கத்து மாடிகளிலும் சனம் நின்றிருந்தது, நல்ல நாள் என்பதால் இன்னும் சிலரும் பிள்ளையை ஏந்தின கையோடு நின்றிருந்தார்கள். யாரும் அலறவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கும் இதைத்தான் காட்டினார்களா, தன் பிள்ளைக்கும் இதைத்தான் காட்டினோமா என்று எல்லோரும் மனசுக்குள் வருசங்களைப் பின்னோக்கி நடந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

பிள்ளையின் தாய் பாண்டிமீனாதான் முதலில் பேசினாள். "எம்பிள்ளைக்குக் குப்பையவா காட்டுற?" என்று தம்பி கையிலிருந்து பிள்ளையை வெடுக்கென்று வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் நெஞ்சு, பிறந்த நாளிலிருந்து அடிக்கிற விசிலை அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் காற்று கையை எடுத்துவிட, புகை திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

மலை போய்விட்டதே என்று ஊர் ஒப்பாரி வைக்கும் என்று நாகஜோதி எதிர்பார்த்தாள், வைக்கவில்லை. மேற்குத்தெருவில் அடுப்படிக்குள் சாயங்கால வெயில் புதிதாக, செம்மண் நிறத்தில், புகையில் வடிகட்டி வந்து விழ ஆரம்பித்ததும் பெண்கள் பருப்பையும் மிளகாயையும் அங்கே காயப்போட்டார்கள். பொழுது அடைய முன்னைவிடத் தாமதமாகிறது என்று கோயில் பூசாரி சாயரட்சைப் பூசையைத் தள்ளி வைத்தார், கோழிகள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் பழைய நேரத்துக்கே கூட்டில் அடைந்தன. வழி கேட்டால் "மலைக்கு நேராப் போங்க" என்று சொல்கிற ஆட்டோக்காரர்கள் "மலை இருந்ததுக்கு நேராப் போங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். டீக்கடைகளில் ஒருவனை ஒருவன் "ஏ பேரில்லாதவனே" என்று கூப்பிடுவது வேடிக்கையாகத் தொடங்கி, பிறகு வேடிக்கை கழன்றுபோய் வெறும் விளியாக மிச்சமானது. கல்லூரியில் பூகோளப் பேராசிரியர் கதிரேசன் தேசப்படத்தைச் சுவரில் விரித்து, பழுப்பு நிறத்தில் இருந்த கவட்டைமலை மேல் குச்சியை வைத்து, "படத்தில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்படியானால் இருக்கிறது" என்றார்.

"சார், படம் மலையைப் பார்த்துப் போட்டதா, இல்ல மலை படத்தைப் பார்த்து நிக்கணுமா?" என்று நாகஜோதி கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தேர்வில் மலை இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு எரிச்சல் மலை போனதில் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து, கண் எரிகிறது என்றால், துணி கறுக்கிறது என்றால், பிள்ளைகளுக்கு இழுப்பு என்றால், நகராட்சியில் போய்க் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்து வந்தது. "நாங்க என்னம்மா பண்றது, மேக்க மலை நின்னு காத்தை அடைக்குது. குழிக்குள்ள இருக்கோம். இது பூகோளம்மா, பூகோளம்." சூளை முதலாளிகள் அதையே சொன்னார்கள், பாடப்புத்தகம் அதையே கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னது, ஆண்டுவிழாவில் பேச வந்தவர்கள் அதையே கைதட்டலுக்கு நடுவில் சொன்னார்கள். நாள் தவறாமல் நாலாயிரம் வாயால் இப்படிப் பழி கேட்டால் மனிதனே ஊரைவிட்டுப் போய்விடுவான், மலை போகாதா என்பது அவள் வாதம். இப்போது மலை போய்விட்டது, மேற்குத் திசை வாசல் மாதிரித் திறந்து கிடக்கிறது, காற்று வரத்தான் செய்கிறது. ஆனால் பழகின இடத்தை விட்டுப் போகப் புகைக்கு மனசில்லை, காற்று வந்து தள்ளினால் திண்டில் சாய்ந்த சம்பந்தி மாதிரி லேசாகப் புரண்டு படுத்துக்கொள்கிறது, சூளைகள் அதற்கு வேளாவேளைக்குப் பரிமாறுகின்றன.

"இப்ப யாரைச் சொல்வாக?" என்று அவள் அண்ணனிடம் கேட்டாள். சிவனாண்டி சுண்ணாம்புச் சூளையில் தீ பார்க்கிறவன். அவன் சோற்றைப் பிசைந்தபடி, "வடக்கு மலையைச் சொல்வாக" என்றான். அவன் சொன்னபடியே அடுத்த வாரம் சொன்னார்கள்.

பிள்ளைக்கு முடியாமல் போனது தை பிறந்ததும்தான். ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து நெபுலைசர் பிடித்தார்கள், அது இறங்குகிற வரை விசில் அடங்கும், வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் திரும்ப ஏறும். டாக்டரம்மா பாண்டிமீனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மருந்துல ஒண்ணுமில்லம்மா. இந்தக் காத்துல இருந்து பிள்ளையை வெளிய கொண்டு போயிரு. கீழ்நாட்டுல யாரும் இல்லையா உனக்கு?" என்று கேட்டாள். இருந்தார்கள். ஆனால் கணவாய் குறுக்கே இருந்தது, மலைமுகம் பார்க்காத பிள்ளை மடியில் இருந்தது.

"மதினி, மலையே இல்ல. இல்லாத மலை எப்படி உன் பிள்ளையைத் திருப்பி வாங்காமப் போகும்?" என்றாள் நாகஜோதி.

"இருந்தா வாங்காதும்பாக. இல்லாட்டி வாங்க ஆளே இல்லேல்ல? அது இன்னும் மோசமில்லையா ஜோதி?"

 நாகஜோதியிடம் பதில் இருந்தது, ஆனால் பிள்ளையின் விலாவெலும்பு மூச்சுக்கு மூச்சு உள்வாங்குவதைப் பார்த்ததும் அது சரியான பதில்தானா என்று குழம்பிப் போய்ப் பிள்ளையின் முதுகை நீவிவிட்டாள்.

மொக்கராசு அன்று மத்தியானம் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவன், நாகஜோதி பேராசிரியரோடு சண்டை போடுவதற்காக விரித்து வைத்திருந்த பழைய பஞ்சாங்க அட்டைப்படத்தைக் குனிந்து பார்த்தான். அதில் கவட்டைமலை பளிச்சென்று, இரண்டு கொம்பும் கொம்புக்கு நடுவே அருவியுமாக நின்றது.

"ஏ பூகோளம், இது என்ன மலை?"

"நம்ம மலைதான் மச்சான். கண்ணு தெரியலையா?"

"அட கிறுக்கு, இதத்தான் நான் தெனமும் சுத்திக்கிட்டுப் போறேன்!" என்றான் மொக்கராசு. "கணவாய் இறங்கி, நாலுவழிச்சாலை தாண்டி, ஒரு பாழுங் கண்மாய் வருமில்ல, அதுக்குள்ள நிக்குது. ரோட்டை மறிச்சு நிக்குதுன்னு தெனமும் எங்கிட்ட வசவு வாங்குது. நான் அது ஏதோ அந்த ஊர்க்காரன் மலையின்னுல்ல நெனச்சேன்."

"நம்ம மலையின்னு தெரியலையா உனக்கு?"

"நான் எங்க கண்டேன் நம்ம மலைய? எனக்குக் காட்டுனது மெத்த போட்ட மலையில்ல!"

பாண்டிமீனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கணக்கு ஒன்று நேராகி உடனே கோணியது: மலை இருக்கிறது, பிள்ளைக்குக் காட்டலாம்; ஆனால் மலை கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது, காட்டாமல் கணவாயைத் தாண்ட முடியாது.

ஊர் மந்தையில் கூடியது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தில் பாதிப் பேர் மடியில் அதே விசில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் வழக்கத்தை மீறிப் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வரவில்லை. மேற்குத்தெரு நாட்டாமை விருமாண்டி துண்டை உதறிப் போட்டு, "கணவாய் தாண்டுனா ஊர் தாண்டுனதுதான். இதுல பேச என்ன இருக்கு?" என்றார்.

நாகஜோதி எழுந்தாள். "பெரியப்பா, ஊருக்கு எல்லை எது?"

"கிழக்க கணவாய், மேக்க கவட்டைமலை. பிறந்த பிள்ளைக்கும் தெரியும்."

"இப்ப மேக்கெல்லை எங்க இருக்கு?"

"மொக்கராசுதான் சொல்றானே, கீழ்நாட்டுக் கண்மாய்ல."

"அப்ப மேக்கெல்லை கிழக்கெல்லைக்கும் கிழக்க போயிருச்சு. ரெண்டு எல்லைக்கும் நடுவுல இருக்கிறதுதான ஊரு? கணவாய்க்கும் கண்மாய்க்கும் நடுவுல இருக்கிறதுதான் இப்ப பாண்டக்குழி. நாம உக்காந்திருக்கிற இந்த மந்தை ஊருக்கு வெளிய இருக்கு. எம் மருமக பிறந்ததே வெளிய. கணவாயைத் தாண்டுனா அவ ஊரைவிட்டுப் போகலை, ஊருக்குள்ள வர்றா!"

கூட்டத்தில் சிலர் கிழக்கே பார்த்தார்கள், சிலர் மேற்கே பார்த்தார்கள், ஒருத்தர் செருப்பைக் கழற்றி இங்கே ஒன்று அங்கே ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். விருமாண்டி, "இரு, இரு, மறுபடி சொல்லு" என்றார். அவள் மறுபடி சொன்னாள். "அப்ப எங்க வீடு?" என்று ஒரு பெண் கேட்டாள். "வெளிய." "எங்க மாடு?" "வெளிய." "கோயிலு?" நாகஜோதி கோயில் பக்கம் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டாள். "அதுவும் வெளியதான்." மந்தையில் பெருமூச்சு ஒன்று எழுந்து அடங்கியது, ஏனென்றால் கொஞ்ச நாளாகவே எல்லோருக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது, இருக்கிற இடத்தில் இல்லாதது போல, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வெளியில் நிற்பது போல. யாருக்கும் முழுதாக விளங்கவில்லை. விளங்காததனால் யாராலும் மறுக்கவும் முடியவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மொக்கராசுவின் வண்டி போகலாம் என்று முடிவானது.

மறுநாள் காலையில் நகராட்சி வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊர்ப் பொதுமக்களே தம் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டபடி சூளைகளும் குப்பைக்கரடும் தற்போது ஊர் எல்லைக்கு வெளியே அமைந்துள்ளதால், ஊர் எல்லைக்குள் புகை ஏதும் இல்லை என்று மகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்பட்டது. அதைப் படித்த நாகஜோதிக்குக் காது மடல் வரை கொதித்தது. தன் வாதத்தை மாட்டைப் போலத் தன் கண் முன்னாலேயே களவாடி, சாயம் ஏற்றி, தெருவில் கட்டிவிட்டிருக்கிறார்களே என்று உள்ளே பாய்ந்து போய் அதிகாரியிடம், "நான் சொன்னது பிள்ளை போறதுக்கு, நீங்க தப்பிக்கிறதுக்கில்ல!" என்று கத்தினாள். அவர் நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா. நீ சொன்னது தப்பா?" என்று மரியாதையாகக் கேட்டார். சரி என்றால் அறிவிப்பு சரி, தப்பு என்றால் பிள்ளை போக முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு வாதத்தின் நடுவில் எழுந்து வெளியே வந்தாள். பிள்ளைகளோடு விருமாண்டியையும் சிவனாண்டியையும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படத் தயாராக நின்றது.

கணவாய் தாண்டினதும் புகை பின்தங்கியது. வண்டிக்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தும்மின. நாலுவழிச்சாலை தாண்டிக் கண்மாய்க்கரை ஏறினதும் மொக்கராசு வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இத்தனை நாள் வைததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கவட்டைமலை நின்றது. வந்த வழியெல்லாம் கரிசலில் அதன் அடிவாரம் இழுபட்ட தடம் ஓடை போலக் கிடந்தது. இரண்டு கொம்புக்கும் நடுவில் அருவி, ஊரை விட்டு வந்தபோது எப்படி விழுந்ததோ அப்படியே விழுந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வந்தமலை என்று பேர் வைத்து, அடிவாரத்தில் ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். நில அளவைக்காரர்கள் கொடிக்கம்பு நட்டு, இதை எந்த மாவட்டத்தில் சேர்ப்பது என்று குடையைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பாண்டக்குழிச் சனம் கரையில் நின்றது. முதல்முறை பார்க்கிற தன் தெய்வத்திடம் என்ன பேசுவது என்று யாருக்குத் தெரியும்?

மொக்கராசு பிள்ளையைத் தூக்கிப் பிடித்தான். பிள்ளை கண்ணை விரித்தது. அதன் நெஞ்சில் விசில் இல்லை. பாண்டிமீனா காதை வைத்துக் கேட்டாள், மறுபடி கேட்டாள், வெறும் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. நாகஜோதி காதருகே குனிந்து, பேரைச் சொல்ல வாயெடுத்தாள்.

மலை நகர்ந்தது. இடிந்து விழுகிற சத்தமோ புழுதியோ இல்லை, நெரிசல் பேருந்தில் பக்கத்தில் ஒருத்தர் உட்கார வரும்போது பெண்பிள்ளை கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்காருவது போல, மரங்களையும் அருவியையும் கட்டியிருந்த ஆடுகளையும் சேர்த்து ஒதுக்கிக்கொண்டு கிழக்கே கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு இன்னும் கொஞ்சம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேருந்து வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு, கணவாய் வழியாகப் புகை இறங்கி வந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல், சாலை விதிகளுக்குக் கட்டுப்பட்டு, இடது ஓரமாக.

"மலை நகரும்போது காட்டுனது செல்லுமா?" என்று விருமாண்டி கேட்டார். செல்லும் என்றார்கள் சிலர், நின்ற மலைதான் கணக்கு என்றார்கள் சிலர். அளவைக்காரர்கள் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். மொக்கராசு, "பொழுதோட வண்டியைத் திருப்பணும், ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினான். மாலைச் சூளைக்கு ஆள் வேண்டும், பசு கறக்க வேண்டும், சனம் ஏற ஆரம்பித்தது.

பாண்டிமீனா தம்பி கையிலிருந்து பிள்ளையை வாங்கி, முந்தானையை இறுக்கிச் செருகி, கரையிறங்கி மலை போகிற பக்கமாக நடந்தாள்.

"ஏய், எங்க போற?" என்றான் சிவனாண்டி, வண்டிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"மதினி, அங்க எங்க தங்குவ? மலை எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அது நின்னாலும் இந்தப் புகை துரத்துமில்ல? எம்புட்டுத் தூரம் போவ?" நாகஜோதி ஓடிக்கொண்டே கேட்டாள். கேட்கக் கேட்க எல்லாக் கேள்வியும் நியாயமான கேள்விதான் என்று அவளுக்கே தெரிந்தது. "பேராவது சொல்லிட்டுப் போறேன், நில்லு மதினி! பேரில்லாம எப்படிக் கொண்டு போவ?"

"மொதல்ல மூச்சு விடட்டும் ஜோதி," என்றாள் பாண்டிமீனா நடந்துகொண்டே. "பேரைப் பெறகு வச்சுக்கலாம்."

நாகஜோதி நின்றாள். பின்னால் ஹாரன் அடித்தது. முன்னால் அண்ணி வேலிக்கருவைகளுக்கு நடுவில் சின்னதாகிக்கொண்டே போனாள். கணவாய்க்கும் மலைக்கும் நடுவில் இருப்பதுதான் ஊர் என்று நாகஜோதிதானே நேற்று மந்தையில் சொன்னாள், அப்படியானால் மலை நகர நகர ஊர் நீளுகிறதா, தேய்கிறதா, நடக்கிறவள் ஊருக்குள் போகிறாளா வெளியே போகிறாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. புகை வண்டியின் பின்சக்கரத்தை எட்டி, டயரை முகர்ந்து பார்த்தது. கரையில் பிள்ளையின் துணிமூட்டையும் பால்புட்டியும் மறந்துபோய்க் கிடந்தன. இது இல்லாமல் இந்த மனுசி என்ன செய்வாள் என்று திட்டிக்கொண்டே அவற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மெதுவாப் போ மதினி, நானும் வாறேன்" என்று நாகஜோதி கரையிறங்கினாள்.